கருப்பராயன் வாங்கிக் கொடுத்த வண்டி

என் மச்சினன் சாமியை ஏமாற்றியவன். சாமியை ஏமாற்றி, அந்த வழியாக என்னையும் ஏமாற்றினான். அவனால் நான் இரண்டு வருசம் கறி தின்னவில்லை. வீட்டுக்குள் பேசிச் சிரித்ததோடு விசயம் முடிந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும், அது போதும்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை ஐம்பது மடிப்பு அடுக்கி வைத்து, மேல் மடிப்பும் அடி மடிப்பும் ஒரு நூல் பிசகாமல் வெட்டுகிற கை. அந்தக் கையைப் பற்றிப் பின்னால் வரும்.

இரண்டாயிரத்துக்கு மேல் ஏழெட்டு வருசம் போயிருக்கும். மின்வெட்டு கழுத்தைப் பிடித்த காலம். ஒரு லைனுக்குக் காலையில், இன்னொரு லைனுக்கு மத்தியானத்தில் என்று முறை வைத்து நிறுத்துவார்கள். பெரிய கம்பெனிக்காரர்கள் சொந்தமாக ஜெனரேட்டர் போட்டுக்கொண்டார்கள். பத்து மெஷின் வைத்துக் கூலிக்கு ஜாப் ஒர்க் தைக்கிறவனும், மங்கலத்தில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறவனும் என்ன செய்வான்? அங்கேதான் நான் நுழைந்தேன். ஜெனரேட்டரைச் சக்கரம் வைத்த ட்ரெய்லர் மேல் ஏற்றி, இழுத்துக்கொண்டு போய், கரண்டு இல்லாத இடத்தில் நிறுத்தி ஓட்டிக் கொடுப்பது. அங்கே கரண்டு வந்ததும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடம். ஒரே ஜெனரேட்டர், ஒரு நாளைக்கு மூன்று இடம். மச்சினன் பாதிப் பங்கு. அவன் கம்பெனி வேலையை விடவில்லை. யோசனை சொல்வது மட்டும் அவன் வேலை, நான் கேட்காவிட்டாலும்.

எந்த லைனில் எத்தனை மணிக்குக் கரண்டு போகும், எத்தனை மணிக்கு வரும் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தவள் என் மனைவி. மின்வாரிய ஆபீசில் அறிவிக்கிற நேரம் வேறு, உண்மையில் போகிற நேரம் வேறு. இரண்டையும் எழுதுவாள். காதர்பேட்டையில் கடை வைத்திருக்கிற ஒருவருக்காகத் தைக்கிற யூனிட் எங்களிடம் ஜெனரேட்டர் எடுத்தது. அந்தக் கடைக்காரரே, கரண்டு எப்போது வரும் என்று அவளுக்குப் போன் போட்டுக் கேட்பார். அப்படி ஒரு நோட்டு. அவள் வீட்டில் படுத்தபடி போனில் சொல்வாள், நான் போவேன்.

படுத்தபடி என்று எழுதியதைக் கவனியுங்கள். அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலுமாகப் பதினைந்து வருசம் பவர் டேபிளில் தைத்தவள் அவள். மோட்டார் தையல் மெஷின் வரிசையைத்தான் பவர் டேபிள் என்பார்கள். சாய்மானம் இல்லாத ஸ்டூலில், குனிந்த தலை நிமிராமல், அவசர ஆர்டர் என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். அதில் இடுப்பு போய்விட்டது. டிஸ்க் விலகியிருக்கிறது, குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவள் அம்மா வீடு சாமளாபுரம். மங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரம், அரை மணி நேரத்தில் போய்விடலாம். அந்த அரை மணி நேரத்துக்கு அவளால் பஸ் சீட்டில் உட்கார முடியவில்லை. என் மொபெட்டிலும் முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை நிறுத்திவிட்டாள். ஏன் போகவில்லை என்று கேட்டால் வேலை கிடக்கிறது என்பாள். நான் நம்பினேன். உண்மையைச் சொன்னால், நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஜெனரேட்டரை முதலில் வாடகை டிராக்டரில்தான் இழுத்தோம். டிராக்டர் போய்ச் சேர்வதற்குள் அங்கே கரண்டே வந்துவிடும். தைக்கிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கிவிடலாம் என்று நானும் மச்சினனும் முடிவு செய்தோம். நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

நான் பார்த்து வைத்தது ஒற்றை கேபின். முன்னால் டிரைவரும் இன்னொருவரும் உட்காரலாம், பின்னால் முழுக்கத் தொட்டி. அடியில் தடித் தடியாக ஸ்பிரிங் பட்டை. தொட்டியில் டீசல் பேரல், ஒயர்ச் சுருள், டூல்ஸ் எல்லாம் போட்டுவிட்டுப் பின்னால் ஜெனரேட்டரையும் மாட்டினால் கம்மென்று போகும். அது வேலைக்காரன் வண்டி. மச்சினன் பார்த்து வைத்தது இரட்டை கேபின். நாலு கதவு, பின்னாலும் ஒரு முழு சீட்டு, மெத்தை, ஏசி. தொட்டி பாதியாகக் குறைந்துவிடும். இரண்டு பேரல் வைக்கிற இடத்தில் ஒரு பேரல் வைக்கலாம். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெனரேட்டரை இழுக்க வண்டி கேட்டால் இவன் கல்யாணத்துக்குப் போகிற வண்டியைக் காட்டுகிறான் என்று கத்தினேன்.

கோயமுத்தூர் ஷோரூமுக்கு இரண்டு பேரும் போனோம். நான் சும்மா போகவில்லை. டிராக்டர்காரரை விட்டு ஜெனரேட்டரையும் இழுத்துவரச் சொல்லிவிட்டேன். ஷோரூம் வாசலில், பளபளவென்று நிற்கிற வண்டிகளுக்கு நடுவில், எண்ணெய் வழிகிற என் ஜெனரேட்டர் வந்து நின்றது. டை கட்டிய விற்பனையாளர் வெளியே ஓடிவந்தார்.

"சார், இது எதுக்குங்க?"

"இழுத்துப் பாக்கறதுக்கு."

"டெஸ்ட் டிரைவ்னா வண்டி மட்டுந்தானுங்க சார்."

"பொண்ணு பாக்கப் போனா சமைக்கத் தெரியுமான்னு கேக்க மாட்டயா நீ?"

அவர் உள்ளே போய்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தார். பெரியவர் ஜெனரேட்டரைச் சுற்றிவந்து பார்த்தார், என்னையும் பார்த்தார். மாட்டச் சொல்லிவிட்டார். எல்லாம் என் பேச்சுக்குத்தான் என்று அப்போது நினைத்தேன். போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பார், இப்போது புரிகிறது.

ஒற்றை கேபினில் மாட்டி இழுத்தேன். மேம்பாலத்தில் ஏற்றினேன். மூன்றாவது கியரில் சத்தமில்லாமல் ஏறியது. எனக்குக் கல்யாணமே ஆன மாதிரி இருந்தது. இரட்டை கேபின் அதே பாலத்தில் இரண்டாவது கியர் கேட்டது. அங்கேயே என் மனது முடிவாகிவிட்டது.

மச்சினனும் ஒரு டெஸ்ட் வைத்தான். எங்கிருந்தோ ஒரு சில்வர் சொம்பு வாங்கி, கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தான். குழி இருக்கிற ரோடாகப் பார்த்து ஓட்டச் சொன்னான். நம் பக்கம் அதற்குத் தேட வேண்டியதில்லை. ஒற்றை கேபினில் மூன்றாவது குழியிலேயே அவன் பேண்ட் நனைந்துவிட்டது. இரட்டை கேபினில் பின் சீட்டில் உட்கார்ந்து அதே ரோட்டில் போய்த் திரும்பினான். இறங்கி வந்து சொம்பைக் காட்டினான். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

"பாத்தீங்களா மாமா?"

"ஏன் மாப்ள, நாம தண்ணி வண்டியா ஓட்டப் போறோம்?"

சொம்பை அங்கேயே ஒரு செடிக்கு ஊற்றிவிட்டு வந்தான். நனைந்த பேண்ட்டோடு பஸ்ஸில் உட்கார மாட்டேன் என்று திருப்பூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தான். அந்தச் சொம்பு யாருக்காக என்று அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

அதற்கப்புறம் ஒரு மாதம் சண்டை. சாப்பாட்டில் சண்டை, போனில் சண்டை. அவன் கம்பெனி வாசலில் டீக்கடையில் ஒரு சண்டை, அதைக் கேட்க டெய்லர்கள் டீ முடிந்தும் போகாமல் நின்றார்கள். நான் இழுவை என்பேன், அவன் சீட்டு என்பான். ஜெனரேட்டருக்கு எதற்குடா மெத்தை என்பேன். ஜெனரேட்டர் மட்டுமா வண்டியில் போகிறது என்பான். வேறு யார் போகிறார்கள், நான் ஒருத்தன்தானே என்பேன். அதோடு அவன் வாயை மூடிக்கொள்வான். மனைவி எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிடுவாள்.

முடிவுக்கு வராமல் போகவே, பூ கேட்டுவிடலாம் என்று மச்சினன் சொன்னான். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பொண்ணு கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா, எதற்கும் சாமியிடம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. எங்கள் ஊர்க் கருப்பராயன் கோவிலில் பூ கேட்பது என்றுதான் சொல்வார்கள், ஆனால் பூசாரி திருநீறும் குங்குமமும் மடித்துக் கொண்டுவரச் சொல்வார். திருநீறு வந்தால் இரட்டை கேபின், குங்குமம் வந்தால் ஒற்றை கேபின் என்று பேசி வைத்தோம். பொட்டலம் மடிக்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்துக்கொண்டேன் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது ஒன்றை எழுதியாக வேண்டும். எழுதாமல் மச்சினனை மட்டும் குறை சொன்னால் நான் மனிதனில்லை.

முந்தின நாள் சாயங்காலம் சாமி மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் இரண்டை எடுத்து, எழுத்து உள்ளே போகிற மாதிரி மடித்து, இரண்டு பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் குங்குமம் வைத்தேன். ஆமாம், இரண்டிலும். எதை எடுத்தாலும் ஒற்றை கேபின்தான். கருப்பராயன் அரிவாள் வைத்திருக்கிற சாமி என்பதும் எனக்குத் தெரியும். அந்த மேம்பாலமும் மூன்றாவது கியரும் அதை மறக்க வைத்துவிட்டன. பொட்டலங்களை மாடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மச்சினன் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் படுத்தான்.

காலையில் மூன்று பேரும் கோவிலுக்குப் போனோம். மச்சினன் தட்டை எடுத்துக்கொண்டான். தேங்காய், பழம், எலுமிச்சை, இரண்டு பொட்டலம். மனைவி நின்றுகொண்டே கும்பிட்டாள், உட்கார்ந்து எழுந்தால் வலிக்கும். பூசாரி பொட்டலங்களைக் கருப்பராயன் காலடியில் போட்டு, கண்ணை மூடி, ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

திருநீறு.

பூசாரி அந்தத் திருநீற்றை எடுத்து என் நெற்றியில் வைத்தார். அவர் கட்டை விரல் சில்லென்று இருந்தது. நான் வைத்தது குங்குமம். என் கையால் வைத்தேன். அது வெள்ளையாகி என் நெற்றியில் இருக்கிறது. சாமி பார்த்துவிட்டது, என்னைப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். என் உடம்பு நடுங்கியதைப் பார்த்து, பூசாரி அருள் வருகிறது என்று நினைத்துப் பின்வாங்கி நின்றார்.

பிரிக்காத பொட்டலத்தை எலுமிச்சையோடு என் கையில் கொடுத்தார்.

"இதைப் பிரிக்கக் கூடாது சாமி. வண்டில வெச்சுக்குங்க. வண்டி இருக்கற வரைக்கும் தொணை."

நான் எங்கே பிரிப்பது? அதற்குள் சிவப்பாக என் திருட்டு இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. அங்கேயே மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். தப்பு செய்துவிட்டேன், கண்ணைக் குத்திவிடாதே, இந்த வண்டி என் கையில் இருக்கிற வரைக்கும் கறி தொட மாட்டேன். வெளியே வந்து மச்சினனிடம், இரட்டை கேபினையே சொல்லிவிடு என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். செருப்பு அவன் காலுக்கு முன்னாலேயே கிடந்தது.

வண்டி வந்தது. எலுமிச்சையையும் பொட்டலத்தையும் முன்னால் டேஷ்போர்டில் இருக்கிற டப்பாவுக்குள் வைத்து மூடினேன். அப்புறம் அதைத் திறந்ததே இல்லை. வண்டிப் புத்தகத்தைக்கூட சீட்டுக்கு அடியில்தான் வைத்தேன்.

இழுவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. சமமான ரோட்டில் நன்றாகவே இழுத்தது. வண்டி நீளம் என்பதால் ட்ரெய்லர் பின்னால் வாலாட்டவில்லை, அது நான் எதிர்பார்க்காதது. மேட்டில் மூச்சு வாங்கும். ஒருதடவை ஒரு மேட்டில் முதல் கியரிலும் திணறி நின்றுவிட்டது. மச்சினனுக்குப் போன் போட்டு இஞ்சின் உறுமலைக் கேட்க வைத்தேன். "கேக்குதா மாப்ள, உன்ற மெத்தை வண்டி அழுவுது" என்றேன். ஒரு பேரல் டீசலைக் கீழே இறக்கி வைத்ததும் ஏறிவிட்டது.

சாமி கொடுத்த வண்டி, எல்லாரும் ஏறட்டும் என்று முதல் ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஏறச் சொன்னேன். பயந்து பயந்துதான் ஏறினாள். பின் சீட்டில் ஒரு தலையணையை இடுப்புக்கு வைத்து, இன்னொன்றைக் காலுக்கு வைத்து, சாய்ந்து உட்கார்ந்தாள். முதல் வேகத்தடையில் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடி, வலிக்காகக் காத்திருந்தாள். வண்டி ஏறி இறங்கியது. வலி வரவில்லை. மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தாள், அப்புறம் இன்னொன்றை. "அட" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான்.

சாமளாபுரத்தில் அம்மா வீட்டு வாசலில் போய் இறங்கினோம். ஒன்றரை வருசம் கழித்து மகள் நடந்து வருகிறாள். அவள் அம்மா அழவில்லை, ஏன் போன் செய்யாமல் வந்தாய் என்று திட்டினார். திட்டிக்கொண்டே கோழி பிடிக்க ஓடினார். அன்றைக்கு மச்சினனும் வந்திருந்தான். எல்லாரும் கோழிக் குழம்பு சாப்பிட, நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். திரும்புகிற வழியில் குளத்துக் கரையில் நிறுத்தச் சொன்னாள். இறங்கவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்து, காலை நீட்டி, பொரி தின்றுகொண்டே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளம்பலாமா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இருங்க என்றாள்.

அதற்கப்புறம் அவள் வீட்டில் இருக்கவில்லை. நோட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு தினமும் ஜெனரேட்டரோடு வர ஆரம்பித்தாள். பின் சீட்டுதான் ஆபீஸ். அங்கிருந்தே எல்லாருக்கும் போன் பேசுவாள். எந்த இடத்தில் நிறுத்தினாலும் அந்த யூனிட் பெண்கள் டீ நேரத்தில் வண்டியைச் சுற்றி வந்துவிடுவார்கள். வடக்கே இருந்து வந்த பையன்கள் அவளைப் பாபி என்பார்கள், அண்ணி என்று அர்த்தம். இரண்டு மாதத்தில் அவள் இந்தியில் திட்டக் கற்றுக்கொண்டாள். நான் முன்னால் உட்கார்ந்து ரோட்டில் போகிறவனையெல்லாம் தமிழில் திட்டிக்கொண்டு வருவேன், அவள் பின்னால் இருந்து இந்தியில் ஒத்து ஊதுவாள். சில நாள் பேச்சுச் சத்தம் நின்றுவிடும். கண்ணாடியில் பார்த்தால் தூங்கியிருப்பாள், வாய் திறந்து, நோட்டு மார் மேல் கவிழ்ந்து கிடக்கும். பின்னால் டன் கணக்கில் இரும்பு குதித்துக்கொண்டு வருகிறது, முன்னால் மங்கலம் ரோட்டுக் குழிகள், நடுவில் இவள் தூங்குகிறாள். அப்படிப்பட்ட நாளில் நான் ஹார்ன் அடித்ததில்லை. பக்கத்தில் ஏறி வருகிறவனைத் திட்டினால்கூட வாய்க்குள்தான் திட்டினேன்.

கருப்பராயா, நல்ல வேளை என் திருட்டை மாற்றினாய் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். மனதாரச் சொல்கிறேன், நான் அந்தச் சாமிக்கு நன்றியோடு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் நன்றி குறையும். மச்சினன் எங்கள் வீட்டில் என் எதிரில் உட்கார்ந்து, எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "ஏனுங்க மாமா, ஒரு துண்டு போட்டுக்கலாமுல்ல?" என்பான். வேண்டாம், வயிறு சரியில்லை என்பேன். இரண்டு வருசம் வயிறு சரியில்லாத ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நான்தான்.

இரண்டு வருசம் முடிகிற சமயம், ஒரு மத்தியானம், மங்கலத்திலிருந்து ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு வருகிறேன். மனைவி பின்னால் தூக்கம். ஒரு குழியைத் தப்பவிட்டேன். டப்பாவின் கொக்கி விட்டுப்போய் மூடி திறந்துகொண்டது. கல்லாகக் காய்ந்திருந்த எலுமிச்சையும் பொட்டலமும் குதித்து என் பக்கம் விழுந்தன. பிரேக்கை மிதிக்கப் போன கால், பொட்டலத்தை மிதித்துவிட்டது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். சிவப்பாக இருக்கும் என்று நினைத்துத்தான் பார்த்தேன்.

என் கால் பெருவிரல் முழுக்க வெள்ளை.

இதையும் சாமி மாற்றிவிட்டது போலிருக்கிறது என்று ஒரு நிமிசம் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்புறம் தாளை எடுத்துப் பார்த்தேன். நான் மடித்தது காலண்டர் தாள். உள்ளே தேதியும் ராகு காலமும் இருக்க வேண்டும். இதற்கு உள்ளே, மச்சினன் வேலை செய்கிற கம்பெனியின் டெலிவரி சீட்டு பாதி இருந்தது. காலர் துணி இத்தனை கிலோ என்று எழுதியிருந்தது. சீட்டின் வெற்றுப் பக்கம் வெளியே வருகிற மாதிரி மடித்து, காலண்டர் தாள் அளவுக்கே வெட்டியிருந்தான். ஓரத்தில் ஒரு நூல் பிசகு இல்லை. கட்டிங் மாஸ்டர்.

சாமி குங்குமத்தைத் திருநீறாக மாற்றும். காலண்டர் தாளைக் கம்பெனிச் சீட்டாக மாற்றாது. அந்த அளவுக்கு எனக்கும் புத்தி இருக்கிறது.

மனைவியை எழுப்பினேன். என் காலையும் தாளையும் பார்த்தாள். எழுந்து உட்காராமலே சிரிக்க ஆரம்பித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கேட்டால், நான் பொட்டலம் கட்டிய அன்றைக்குச் சாயங்காலம் விளக்குப் பொருத்தப் போனபோதே கண்டுபிடித்துவிட்டாளாம்.

"என்ற குங்குமச் சிமிழக் காலி பண்ணிப் போட்டீங்க. திருநீத்துத் தட்டுல வெரல் பட்ட தடங்கூட இல்லீங்க. அப்பறம் எனக்குத் தெரியாதா?"

தம்பியிடம் சொன்னது அவள். வெட்டி மடித்து மாற்றி வைத்தது அவன். சரி, என் திருட்டைத் திருத்துகிறவன் என்ன செய்திருக்க வேண்டும்? ஒன்றில் குங்குமம், ஒன்றில் திருநீறு வைத்திருந்தால் அவன் யோக்கியன். நிஜமாகவே சாமி சொல்லியிருக்கும். அவனோ இரண்டிலும் திருநீறு வைத்தான். தாளைப் பார்த்த அன்றைக்குச் சாயங்காலமே அவனை வீட்டுக்கு வரவழைத்து, தாளை முகத்துக்கு நேராக நீட்டிக் கேட்டேன். அவன் திருதிருவென்று விழிக்கவில்லை. தாளை வாங்கி, வெட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்தான்.

"மாமா, நீங்க ரெண்டுலயும் குங்குமம் வெச்சீங்க. நான் ரெண்டுலயும் திருநீறு வெச்சேன். கூட்டிப் பாருங்க, ரெண்டு குங்குமம் ரெண்டு திருநீறு. சாமிக்கு ஒன்னும் கொறையலீங்க."

சிரிப்பு வந்துவிட்டது. எனக்கே வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கறி எடுத்தேன், அவனே எனக்குப் பரிமாறினான், இரண்டு வருசத்துக்கும் சேர்த்துப் போடு என்றேன். அதோடு எல்லாம் முடிந்ததாக அவன் நினைத்துக்கொண்டான்.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஏமாற்றியதற்காக இல்லை. அதை எதற்காகச் சாமி மூலம் செய்தான்? அக்காவுக்கு இடுப்பு வலிக்கிறது மாமா, அவள் உட்காருகிற மாதிரி ஒரு சீட்டு வேண்டும் மாமா என்று என் முகத்தைப் பார்த்து ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? ஒரு மாதம் சண்டை போட்டான், சொம்பில் தண்ணீர் ஊற்றிப் பேண்ட்டை நனைத்துக்கொண்டான், அரிவாள் வைத்திருக்கிற சாமியிடம் போய்ப் பொய் சொன்னான். இதில் ஒரு இடத்தில்கூட என்னிடம் நேராகக் கேட்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லையா? நான் அப்படிப்பட்டவனா? இதைக் கேட்டேன். அவன் அக்காவைப் பார்த்தான். கை கழுவப் போகிறேன் என்று எழுந்துவிட்டான். கை கழுவி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

மனைவியிடம் திரும்பி, அவனை விடு, நீயாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நாலஞ்சு தடவை சொன்னனுங்க. ஒவ்வொருக்காவும் ஜெனரேட்டர் ஓடிட்டு இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். அவளுக்கு நான் கொடுக்க வேண்டிய பதிலை அன்றிலிருந்து தினம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் பேச ஆரம்பித்தால் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவேன். தறிக்காரன் கத்தினால் கத்தட்டும்.

ஆனால் மச்சினன் தப்பிக்க முடியாது. கருப்பராயன் பொங்கல் வருகிறது. ஊரே இருக்கும், இரண்டு வீட்டுச் சொந்தமும் இருக்கும். யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள் என்று மைக்கில் படிப்பார்கள் இல்லையா, அது முடிந்ததும் அந்த மைக்கை அவன் கையில் கொடுக்கச் சொல்லி பூசாரியிடம் பேசிவிட்டேன். என் குங்குமத்தை நான் இங்கே ஒப்புக்கொண்டுவிட்டேன், அங்கேயும் முதல் ஆளாக ஒப்புக்கொள்வேன். அடுத்தது நீதான் மாப்பிள்ளை. திருநீறு எதற்காக வைத்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். என் கேள்வி ஒன்றுதான். அன்றைக்கு நீ நேராக வந்து கேட்டிருந்தால், நான் முடியாது என்று சொல்லியிருப்பேனா? ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல். இல்லை என்றால் இல்லை என்று சொல். செருப்பைத் தேடாமல், கை கழுவப் போகாமல், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, கருப்பராயனைப் பார்த்துச் சொல்.